ஏட்டறையின் சாவி

அரசு என்று ஒன்று இருந்தால் அதற்கு இரண்டு கருவூலங்கள் இருந்தே தீரும். ஒன்றில் பொன்னும் பணமும் இருக்கும். மற்றொன்றில் ஏடுகளும் தஸ்தாவேஜுகளும் இருக்கும். பொன் வைத்த அறைக்குப் பூட்டும் காவலும் வேண்டும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏடு வைத்த அறைக்கும் அவை வேண்டும் என்பதை அரசுகள் பட்டறிந்தே கற்றன. பொன் களவு போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஏட்டில் ஓர் எண்ணை மாற்றினாலோ ஓர் இதழைக் கிழித்தெடுத்தாலோ அது வெளிவர ஒரு தலைமுறை ஆகலாம். அதற்குள் ஒரு குடும்பத்தின் நிலம் கை மாறிப் போயிருக்கும்.

ஆயினும் பூட்டு ஒன்றே எல்லாவற்றையும் காத்துவிடாது. அந்தப் பூட்டின் சாவி யார் கையில் இருக்கிறது, எந்த உரிமையால் இருக்கிறது, சாவி வைத்திருப்பவரைக் கேள்வி கேட்பவர் யார் என்பனவற்றைப் பொறுத்தே ஏட்டறையின் நன்மையும் தீமையும் அமைகின்றன. இக்கேள்விகளுக்கு ஹைதராபாத் நகரம் காலந்தோறும் அளித்துவந்த விடைகளை இங்கே சற்று ஆராய்வோம்.

சொந்த நாட்டை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் பழங்கதை அன்று. பிறந்த ஊரில் ஒருவன் இன்னாருடைய மகன், இன்ன வயலுக்கு உரியவன் என்பதற்கு ஊரே சாட்சி. அயல் மாநிலத்தில் நம்மை அறிந்த ஊர் இல்லை. காகிதமே நமக்காகப் பேச வேண்டும். குடியிருப்புச் சான்று, பள்ளிச் சான்று, வாடகை ஒப்பந்தம் என ஒவ்வொரு படியிலும் ஒரு தாளைக் காட்டியே நாம் மேலே செல்கிறோம். ஊரில் விட்டு வந்த நிலத்துக்கும் வீட்டுக்கும் யாரோ ஒருவர் காக்கும் பதிவேடே ஆதாரம். ஆகையால் ஏட்டறையின் சாவியைப் பற்றி நாமே முதலில் கவலைப்பட வேண்டியவர்கள்.

இந்தக் கவலை மிகப் பழமையானது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் 'அக்ஷபடலம்' என்னும் கணக்கு அலுவலகத்துக்குத் தனியாக ஓர் அத்தியாயமே ஒதுக்குகிறது. கட்டடம் எத்திசை நோக்கி இருக்க வேண்டும், கணக்குப் புத்தகங்களை எப்படி அடுக்கி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆண்டுக் கணக்கை ஒப்பிக்க வரும் கணக்கர்கள் தங்கள் புத்தகங்களை முத்திரையிட்டே கொண்டுவர வேண்டும். வந்த பிறகு அவர்களை ஒருவரோடு ஒருவர் பேசவிடக் கூடாது என்றும் அது விதிக்கிறது. பேச விட்டால் கணக்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி திருத்தப்பட்டுவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

தமிழ்நாட்டிலும் இந்த விழிப்பு இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைக் குடவோலைத் தேர்தலுக்காகவே நாம் நினைவு கூர்கிறோம். அவற்றில் கணக்கரைப் பற்றிய விதியும் உண்டு. கணக்கு எழுதியவர் தம் கணக்கைப் பெரியோர் முன் ஒப்புவித்து, நேர்மையானவர் என்று தெளிவான பிறகே மறுபடியும் அப்பதவிக்கு வரலாம். தாம் எழுதிய கணக்கைத் தாமே காட்ட வேண்டும். அதை முடித்துக் கொடுக்க வேறொரு கணக்கரை அழைத்து வரக் கூடாது. ஏட்டைக் கையில் வைத்திருப்பது உரிமை அன்று, சபையிடம் ஒப்படைக்க வேண்டிய பொறுப்பு என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிராம சபை எழுதி வைத்தது. இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு தக்காணத்துக்குச் செல்வோம்.

முகலாயர் ஆட்சி காகிதத்தின் ஆட்சி என்றே சொல்லலாம். அபுல் பஸல் எழுதிய அயினி அக்பரி ஓர் அரசாணை பிறக்கும் முறையை விரிவாகக் கூறுகிறது. அரசர் வாய்மொழியாகச் சொன்னதை நாட்குறிப்பு எழுதுவோர் பதிந்துகொள்வர். பதிந்ததை மீண்டும் அரசருக்குப் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுவர். அதிலிருந்து நினைவுக் குறிப்பும், பிறகு அதன் சுருக்கமும் எழுதப்படும். ஒவ்வொரு படியிலும் உரிய அதிகாரியின் கையொப்பமோ முத்திரையோ விழும். ஒருவர் மட்டும் நினைத்து ஓர் ஆணையைப் பொய்யாகப் பிறப்பிக்க முடியாதபடி பலருடைய கைகளை அதில் பிணைத்திருந்தனர். நம் சோழர் காலத்திலும் திருவாய்மொழியாக வந்த ஆணையை ஓலையில் எழுதி, பலர் கையொப்பமிட்டு, வரிப் புத்தகத்தில் பதிவு செய்த முறையைக் கல்வெட்டுக்களில் காண்கிறோம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

இனி, பலர் கண்ணிலும் படக்கூடாத ஆணைகள் உண்டு. அவற்றுக்கு முகலாயர் வேறொரு முறை வைத்திருந்தனர். உள்ளே எழுதியிருப்பது தெரியாதவாறு தாளை மடித்து, காகிதத்தாலேயே முடிச்சிட்டு, அந்த முடிச்சின் மேல் பிசின் வைத்து மூடுவர். இலந்தை, ஆல், அரசு முதலிய மரங்களின் பாலிலிருந்து காய்ச்சிய பிசின் அது. நெருப்பில் காட்டினால் மெழுகு போல் இளகும், ஆறியபின் இறுகிவிடும். உடைக்காமல் உள்ளே பார்க்க முடியாது. உடைத்தாலோ உடைத்தது தெரிந்துவிடும். மறைப்பதோடு, மறைப்பை யாரேனும் மீறினால் அதற்கு அடையாளமும் விட்டு வைக்க வேண்டும் என்னும் நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். இதைப் பின்னால் மறுபடியும் நாம் சந்திப்போம்.

ஷாஜஹானும் ஔரங்கசீப்பும் தக்காணத்தில் நடத்திய ஆட்சியின் காகிதங்கள் பெரும் அளவில் மிஞ்சின. முகலாயத் தக்காணத்தின் தலைநகராக இருந்த ஔரங்காபாத்திலிருந்து நிஜாம்களின் ஆட்சிக்கு அவை வந்து சேர்ந்தன. இன்று ஹைதராபாத்தின் தார்நாகா பகுதியில் உள்ள தெலங்கானா மாநில ஆவணக் காப்பகத்தில் இவ்விரு பேரரசர்கள் காலத்துத் தாள்கள் மட்டும் சுமார் 1,55,000 உள்ளன. அங்குள்ள மிகப் பழைய தஸ்தாவேஜு பஹ்மனி சுல்தான் பிரோஸ் ஷா 1406-ஆம் ஆண்டில் அளித்த பர்மான் என்பர். படைவீரனின் முகத் தோற்றம், தழும்பு, அவன் குதிரையின் நிறம், சூட்டுக்குறி ஆகியவற்றை எழுதி வைத்த தாள்கள் அத்தொகுதியில் ஏராளம். ஒருவன் பெயரில் வேறொருவன் சம்பளம் வாங்காமல் இருப்பதற்காக ஏற்பட்ட பதிவு அது. இன்று நம் விரல் ரேகையைப் பதிந்துகொள்ளும் வழக்கத்துக்கு அதை ஒரு பாட்டனார் எனலாம்.

1724-ஆம் ஆண்டில் நிஜாம் உல் முல்க் தக்காணத்தில் தம் ஆட்சியை நிலைநாட்டியபோது முகலாயரின் காகித முறையும் அவரோடு தொடர்ந்தது. அவர் வழிவந்தோர் காலத்தில் ராஜ்யத்தின் வருவாய் ஏடுகள் 'தப்தர்-இ-திவானி', 'தப்தர்-இ-மால்' என்னும் இரண்டு பெரிய அலுவலகங்களில் குவிந்தன. தப்தர் என்றால் ஏடு. ஏடு வைத்த இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. இந்த இரண்டு தப்தர்களும் இரண்டு குடும்பங்களின் வழிவழிப் பொறுப்பில் இருந்தன. திவானி தப்தர் ராய் ராயான் என்னும் பட்டம் பெற்ற மகாராஷ்டிரப் பிராமணக் குடும்பத்திடம் இருந்தது. மால் தப்தர் வடநாட்டிலிருந்து வந்த காயஸ்தக் குடும்பம் ஒன்றிடம் இருந்தது. அதனாலேயே அக்குடும்பத்துக்கு மால்வாலா என்ற பெயர் வழங்கியது. சார்மினாருக்கு அருகில் அவர்களுடைய அரண்மனை இருந்தது; அதன் பெரும்பகுதி பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டது.

இக்குடும்பத்தார் வெறும் காவலர் அல்லர். எந்தக் கிராமத்தின் வருமானம் எந்த ஜாகீர்தாருக்கு உரியது, எந்தப் படைத்தலைவருக்கு எவ்வளவு சம்பளம் பாக்கி, எந்த இனாம் உண்மையானது, எது போலி என்பதெல்லாம் அவர்களுடைய ஏட்டைப் புரட்டினால்தான் தெரியும். சனதுகள் அவர்கள் வழியாகவே பிறந்தன. நிஜாம்கள் மாறினர்; திவான்கள் மாறினர்; தப்தர்தார்கள் மாறவில்லை. தந்தைக்குப் பின் மகன் என்று பதவியும் ஏடும் அறிவும் ஒரே வீட்டில் தங்கின. திவான் ஒருவர் தம் ராஜ்யத்தின் வருமானத்தை அறிய விரும்பினாலும் அவர்களிடந்தான் கேட்டாக வேண்டும்.

அந்த ஏட்டறைக்குக் கதவில் இருந்த பூட்டைக் காட்டிலும் பெரிய பூட்டு ஒன்று இருந்தது. அது எழுத்து. ஆட்சி மொழி பாரசீகம். அதிலும் கணக்குகளை 'ஸியாக்' என்னும் தனிக் குறியீட்டு முறையில் எழுதினர். பாரசீகம் நன்கு கற்றவரும் ஸியாக் எண்களைப் பழகாமல் படிக்க முடியாது. மராட்டியப் பகுதிகளின் காகிதங்கள் மோடி எழுத்தில் இருந்தன. கதவைத் திறந்து உள்ளே விட்டாலும் படிக்கத் தெரியாதவருக்கு அது பூட்டிய அறையே. இத்தகைய எழுத்தைக் கணக்கர் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பித்தன. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. எழுதினவன் கெடுத்தானா இல்லையா என்பதைச் சரிபார்க்க வேறொருவனுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் அன்றோ அந்தக் குற்றச்சாட்டாவது எழும்!

இக்குடும்பங்களைக் குறை சொல்வது நம் நோக்கம் அன்று. போர், பஞ்சம், கடன் எல்லாவற்றுக்கும் இடையே அந்த ஏடுகள் அழியாமல் இன்று நம் கைக்கு வந்திருப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. குறை அமைப்பில் இருந்தது. காப்பவரும் எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒருவரே என்றால், அவர் எவ்வளவு நல்லவராயினும் அவருடைய சொல்லுக்கு மேல் வேறு ஆதாரம் இல்லாமற் போகிறது.

1853-ஆம் ஆண்டில் மீர் துராப் அலி கான், அதாவது முதலாம் ஸாலார் ஜங், தம் 24-ஆம் வயதில் திவானாகப் பொறுப்பேற்றார். அப்போது கருவூலம் வறண்டிருந்தது. கடன் கொடுத்தவர்களும் கூலிப்படைத் தலைவர்களும் பல மாவட்டங்களின் வருவாயை நேராகவே எடுத்துக்கொண்டிருந்தனர். வளம் மிக்க பேரார் பகுதி அதே ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயர் நிர்வாகத்துக்குப் போயிற்று. ராஜ்யத்தில் எவ்வளவு வருகிறது, எங்கே போகிறது என்பதை அறியாமல் அவரால் ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது.

ஸாலார் ஜங் பழைய ஏட்டறையின் கதவை உடைக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் புதிய அலுவலகங்களை எழுப்பினார். வருவாயைக் குத்தகைக்கு விடும் வழக்கத்தைக் குறைத்து, சம்பளம் பெறும் அதிகாரிகளை மாவட்டங்களுக்கு அனுப்பினார். 1865-ஆம் ஆண்டில் ராஜ்யம் ஜில்லாக்களாகப் பிரிக்கப்பட்டது. வருவாய், நீதி, காவல் எனத் துறைகள் தனித்தனியே பிரிந்தன. புதிய அதிகாரிகள் புதிய ஏடுகளை எழுதத் தொடங்கினர். அவர்கள் இடம் மாறும்போது ஏடு அவர்களோடு போகவில்லை, அலுவலகத்திலேயே தங்கியது. பழைய தப்தர்தார்களுக்குப் பட்டமும் மதிப்பும் பழைய ஏடுகளும் இருந்தன. நடைமுறை அதிகாரம் மட்டும் மெல்ல மெல்ல நழுவிற்று. ஜாகீர், இனாம் வழக்குகளில் பழைய சனதைச் சரிபார்க்கும் வேலையே அவர்களுக்குப் பெரும்பாலும் எஞ்சியது.

ஏட்டறையின் சாவி குடும்பத்தின் கையிலிருந்து பதவியின் கைக்கு மாறிய கதை இது. 1883-இல் ஸாலார் ஜங் மறைந்தார். அதே ஆண்டில் ஸையத் ஹுஸைன் பில்கிராமியும் வில்மாட்டும் நிஜாம் ராஜ்யத்தைப் பற்றி எழுதிய விவரண நூல் அச்சில் வெளிவரத் தொடங்கிற்று. ஒரு காலத்தில் இரண்டு வீடுகளில் முடங்கியிருந்த செய்திகளுள் பல, காசு கொடுத்து வாங்கும் புத்தகமாயின. 1880-களில் ஆட்சி மொழியும் பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு மாறியது. ஆனால் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசிய குடிகளுக்கு அந்த மாற்றத்தால் பெரிய நன்மை விளையவில்லை. எழுத்து என்னும் பூட்டு புதுப்பிக்கப்பட்டதே தவிர அகற்றப்படவில்லை.

தலைநகரில் சாவி மாறிய பிறகும் கிராமத்தில் மாறவில்லை. தெலங்கானாக் கிராமங்களில் பட்டேலும் பட்வாரியும் வழிவழியாகப் பதவி வகித்தனர். ஆண்டுதோறும் எந்த நிலத்தில் யார் பயிரிட்டார் என்று எழுதும் 'பஹணி' என்னும் பதிவேடு பட்வாரியின் கையில் இருந்தது. குத்தகை விவசாயி இருபது ஆண்டு உழுதாலும் பஹணியில் அவன் பெயர் ஏறாவிட்டால் அவன் அந்நிலத்துக்கு அயலானே. பட்வாரிக்குக் கோபம் வந்தால் ஒரு வரி போதும். தமிழ்நாட்டில் நம் கர்ணமும் மணியமும் பெற்றிருந்த செல்வாக்கை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் 1980-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். அரசு பழைய கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982-இல் அதைச் செல்லும் என்றது. ஆந்திரப் பிரதேசத்தில் என்.டி. ராமராவ் அரசு 1984-இல் அதே காரியத்தைச் செய்தது. ஸாலார் ஜங் தலைநகரில் தொடங்கி வைத்த வேலை கிராமத்துக்குப் போய்ச் சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இங்கே அயலார் கதையையும் சொல்ல வேண்டும். மதராஸ் ராணுவத்தோடு செகந்திராபாத் தண்டுக்குத் தமிழர்கள் வெகுகாலத்துக்கு முன்பே வந்து குடியேறினர். நிஜாம் ராஜ்யத்தில் அரசாங்க வேலைக்கு 'முல்கி', அதாவது அந்நாட்டவர், என்ற தகுதி கேட்கப்பட்டது. 1919-ஆம் ஆண்டு பர்மானால் ஏற்பட்ட விதிகளின்படி வெளியிலிருந்து வந்தவர் அத்தகுதியைப் பெற வேண்டுமானால் 15 ஆண்டு அங்கே நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். அத்துடன், தாம் முன்பு வாழ்ந்த இடத்துக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டதாக ஒரு பிரமாணப் பத்திரமும் எழுதி, மாஜிஸ்திரேட் சான்றுடன் வைத்திருக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று ஒருவன் கையெழுத்திட்ட அந்தத் தாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது பிழைப்புக்காக எழுதப்பட்டது. மனத்துக்குள் காவிரியையும் தாமிரபரணியையும் வைத்துக்கொண்டு அதில் கையெழுத்திடுவது எளிதாகவா இருந்திருக்கும்? அத்தாள் யார் கண்ணில் படலாம், எதற்குப் பயன்படலாம் என்பது அவனுக்கு உயிர் போன்ற கேள்வி. முல்கி விதிகள் செல்லும் என்று 1972 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியபின் மாநிலத்தில் பெருங்கிளர்ச்சிகள் நடந்தன. 1973-இல் நாடாளுமன்றம் அவ்விதிகளை நீக்கியது. ஒரு மனிதனைப் பற்றிய தஸ்தாவேஜு அலுவலகத்தின் உடைமையாக இருந்தாலும் அதில் அவன் வாழ்வும் அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சாவி பதவியின் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணிவிட முடியாது. பதவிக்கும் மறைக்கும் ஆசை உண்டு. 1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்த காலத்து நிகழ்ச்சிகளை விசாரிக்கப் பண்டித சுந்தர்லால் தலைமையில் ஒரு குழுவைப் பிரதமர் நேரு அனுப்பினார். வன்முறையில் 27,000 முதல் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று அக்குழு மதிப்பிட்டது. அந்த அறிக்கை அரசால் வெளியிடப்படவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 2013-ஆம் ஆண்டளவில், அது டில்லியில் நேரு நினைவு நூலகத்தில் படிக்கக் கிடைப்பது பரவலாகத் தெரியவந்தது. அப்போதைய கொந்தளிப்பில் அதை மறைத்ததற்குக் காரணம் சொல்லலாம். ஆனால் தம் உறவினருக்கு நேர்ந்தது என்ன என்று அறிய விரும்பிய பலர் அதற்குள் காலமாகிவிட்டனர். மறைவுக்கும் ஒரு கெடு இருக்க வேண்டும் என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது.

அந்தக் கெடுவைச் சட்டம் மெல்ல வகுத்தது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், பொது ஆவணத்தைப் பார்வையிடும் உரிமை உள்ளவர் கட்டணம் செலுத்தினால் சான்றிட்ட நகல் தர வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள புதிய சட்டமும் அவ்வழியைக் காக்கிறது. 1923-ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டமோ எதிர்த் திசையில் நின்றது. உச்ச ரகசியம், ரகசியம், அந்தரங்கம், வரையறைக்கு உட்பட்டது என்று அலுவலகக் காகிதங்கள் தரம் பிரிக்கப்படுகின்றன. 1993-ஆம் ஆண்டு பொது ஆவணச் சட்டம் மத்திய அரசின் ஆவணங்களை விதிக்குப் புறம்பாக அழிப்பதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடம் தந்தது. காப்பகத்துக்கு மாற்றப்பட்ட 30 ஆண்டுக்கு மேற்பட்ட, மறைவு நீங்கிய காகிதங்களை ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிட்டது. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமகன் கையிலேயே ஒரு சாவியைக் கொடுத்தது. விண்ணப்பித்த 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். ஒரு தாளின் ஒரு பகுதி மட்டும் மறைக்கத் தக்கது என்றால் அதை நீக்கிவிட்டு மீதியைத் தர வேண்டும் என்ற அதன் விதி மிகவும் நுட்பமானது. ஓர் அறையில் ஒரு பெட்டிக்கு மறைவு தேவை என்பதற்காக அறை முழுவதையும் பூட்டி வைக்கலாகாது.

பூட்டிய ஏடுகள் அறிவாகவும் மாறலாம் என்பதற்கும் ஹைதராபாத்தே எடுத்துக்காட்டு. 1950-ஆம் ஆண்டில் யூஸுப் ஹுஸைன் கான் ஷாஜஹான் காலத்துத் தாள்களில் தேர்ந்தெடுத்தவற்றைப் பதிப்பித்தார். அந்நூலை வெளியிட்ட அலுவலகத்தின் பெயர் அப்போதும் தப்தர்-இ-திவானியே. 1958-இல் ஔரங்கசீப் காலத்துத் தாள்களின் தொகுதி வந்தபோது அப்பெயர் மத்திய ஆவண அலுவலகம் என்று மாறியிருந்தது. ஒரு காலத்தில் திவானும் தயவுக்குக் காத்திருந்த ஏட்டறையில் இன்று ஒரு கல்லூரி மாணவர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படிக்கலாம்.

இப்போது ஏடுகள் கணிப்பொறிக்குள் சென்றுவிட்டன. தேசியத் தகவலியல் மையம் அமைத்த இ-ஆபீஸ் முறையில் அரசாங்கக் கோப்புகள் மேசையிலிருந்து மேசைக்குத் திரை வழியாகவே செல்கின்றன. இங்கும் பழைய கேள்வியே புதிய உடையில் வருகிறது. யார் பார்க்கலாம், யார் எழுதலாம், யார் ஒப்புதல் தரலாம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரையறுக்கிறார்கள். ஒரு குறிப்பை எழுதி மேலே அனுப்பிவிட்டால் பிறகு அதை அழிக்க முடியாது. கோப்பு எந்த நாளில் எவரிடம் இருந்தது என்பது தானாகவே பதிவாகிறது. ஆல், அரசமரப் பிசின் செய்த வேலையை இப்பதிவு செய்கிறது: தொட்டவர் யார் என்று காட்டிக்கொடுக்கிறது. காப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர் மூவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்னும் நெறியும் அதில் அடங்கியிருக்கிறது.

ஆனால் பொறியும் தானே நியாயம் வழங்கிவிடாது. தெலங்கானாவில் 2020-ஆம் ஆண்டில் கிராம வருவாய் அலுவலர் பதவி நீக்கப்பட்டு, 'தரணி' என்னும் நிலப் பதிவு முறை அக்டோபரில் தொடங்கியது. பத்திரப் பதிவும் பெயர் மாற்றமும் ஒரே இடத்தில் முடிந்தது பலருக்கு வசதியாயிற்று. கீழ்நிலையில் எவரும் ஏட்டைத் தொட முடியாது என்பது பாதுகாப்பாகவும் தோன்றிற்று. ஆனால் ஏட்டிலேயே பிழை இருந்தவர்கள் என்ன செய்வது? பிழையைத் திருத்தும் அதிகாரம் மேலே குவிந்துவிட்டது. முறையிடும் வழி குறுகிவிட்டது. உரிமையாளர் விரும்பினால் தம் நில விவரத்தைப் பிறர் பார்வையிலிருந்து மறைக்கும் ஏற்பாடும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. 2025 ஏப்ரலில் அதன் இடத்துக்கு 'பூ பாரதி' வந்தது. அதற்கான சட்டம் முறையீட்டு வழியை மீண்டும் வகுத்தது. பூட்டு வலுவாக இருந்தால் மட்டும் போதாது, பூட்டின் உள்ளே அகப்பட்டுக்கொண்ட பிழை வெளிவரவும் ஒரு வழி வேண்டும் என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

ஆகவே ஏட்டறையைப் பற்றி மூன்று கேள்விகளை எக்காலத்திலும் கேட்கலாம். ஏட்டை வைத்திருப்பவர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார்? ஏட்டில் எவருடைய வாழ்வு எழுதப்பட்டுள்ளதோ அவர் அதைப் பார்த்துத் திருத்தம் கேட்க முடிகிறதா? மறைத்து வைத்ததற்குக் கெடு உண்டா? முதற்கேள்வியை உத்தரமேரூர்ச் சபை கேட்டது. மற்ற இரண்டையும் ஹைதராபாத்தின் பட்டறிவு நமக்குக் கற்றுக் கொடுத்தது.

இறுதியாக, எழுத்து என்னும் பூட்டை நாம் மறந்துவிடக் கூடாது. மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நம் போன்றோர் நாள்தோறும் அந்தப் பூட்டோடுதான் மல்லாடுகிறோம். படிக்க முடியாத மொழியில் இருக்கும் ஆணை குடிமகனுக்கு மூடிய ஆணையே. ஹைதராபாத்தில் தெலுங்குப் பத்திரத்தில் கையெழுத்திடும் தமிழருக்கும், மும்பையில் மராத்திப் படிவத்தை நிரப்பும் தமிழருக்கும் இது தெரியும். நம் வீட்டிலும் இப்பூட்டு விழுந்துகொண்டிருக்கிறது. வெளிமாநிலத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் பலர் தமிழை நன்றாகப் பேசுவர். பாட்டனாரின் கிரயப் பத்திரத்தைக் கொடுத்தால் படிக்கத் திணறுவர். பழைய ஸியாக் எழுத்தின் முன் நாம் நிற்பது போல அவர்கள் அதன் முன் நிற்பார்கள்.

இன்று தமிழ்நாட்டில் உள்ள நிலத்தின் பட்டாவையும் சிட்டாவையும் நாம் இருந்த இடத்திலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். வில்லங்க விவரத்தையும் பார்க்கலாம். கர்ணத்தின் திண்ணையில் காத்திருந்த நம் முன்னோருக்குக் கனவிலும் கிட்டாத வசதி இது. அந்தக் கதவு திறந்திருக்கும்போது உள்ளே சென்று பார்ப்பது நம் கடமை. பெயரில் எழுத்துப் பிழை உண்டா, மறைந்த பெரியவர் பெயரிலேயே நிலம் நின்றுவிட்டதா, எல்லை எண் சரிதானா என்று ஆண்டுக்கு ஒரு முறையேனும் நோக்க வேண்டும். அப்படி நோக்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, நஞ்சை, புன்சை, உட்பிரிவு என்னும் சொற்களை அவர்கள் வாயால் படிக்கச் செய்வது நன்று. ஏட்டறையின் சாவியில் நம் பங்கு அதுவே. அதை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கும் பொறுப்பும் நம்முடையதே.